ஊசித் துளை வைத்தியம் யாருக்கு?

பஞ்சாலைப் பகுதிகளில் கேட் மீட்டிங் நடத்தும் தோழர்கள் பஞ்சப்படியைப் பற்றிப் பேசுகிறார்கள், போனஸைப் பற்றிப் பேசுகிறார்கள், வேலைப்பளுவைப் பற்றிப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் எதிரே நின்று கேட்டுக்கொண்டிருக்கும் தொழிலாளியின் காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முழங்காலுக்குக் கீழே மண்புழு சுருண்டு கிடப்பதுபோல் புடைத்து நிற்கும் நீல நரம்பு. மாலையானால் பாதத்தில் வீக்கம். இரவில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கும் வலி. கணுக்காலைச் சுற்றிக் கறுத்துப்போய் அரிக்கும் தோல். கடைசியில் ஆறாத புண். ‘நரம்பு சுருட்டல்’ என்று ஜனங்கள் சொல்கிறார்கள். டாக்டர் தன் சீட்டில் ‘வெரிகோஸ் வெயின்’ என்று எழுதுகிறார்.

இந்த வியாதிக்கு இன்று விஞ்ஞானம் அருமையான சிகிச்சை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது. காலைக் கிழிக்க வேண்டியதில்லை. மயக்க மருந்து கொடுத்துப் படுக்கப்போட வேண்டியதில்லை. ஒரு ஊசித் துளை போதும். காலையில் போன நோயாளி மாலையில் தன் காலாலேயே நடந்து வீட்டுக்கு வருகிறார். ஆனால் யார் அந்த நோயாளி? நின்று நின்றே காலைக் கெடுத்துக்கொண்ட மில் தொழிலாளியா? சேற்றில் நாற்று நடும் பெண்ணா? அல்லது பணம் கட்டக்கூடியவரா? இதுதான் நமது கேள்வி.

முதலில் வியாதியைப் புரிந்துகொள்வோம். நரம்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது நரம்பு அல்ல, ரத்தக்குழாய். இருதயத்திலிருந்து காலுக்கு ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய் வேறு, காலிலிருந்து இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய் வேறு. இரண்டாவது வகைக்குச் சிரை என்று பெயர். கீழேயிருந்து மேலே ரத்தம் ஏற வேண்டும் அல்லவா? கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது மாதிரியான வேலை. அதற்கு இயற்கை இரண்டு ஏற்பாடு செய்திருக்கிறது. ஒன்று, சிரைக்குள் அங்கங்கே சின்னச் சின்ன வால்வுகள். ரத்தம் மேலே போகும்போது திறக்கும், கீழே இறங்கப் பார்த்தால் மூடிக்கொள்ளும். இரண்டாவது, கெண்டைக்கால் சதை. நாம் நடக்கும்போது இந்தச் சதை சுருங்கி, சிரையைப் பிழிந்து, ரத்தத்தை மேலே தள்ளுகிறது. கெண்டைக்காலை இரண்டாவது இருதயம் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

அசையாமல் நின்றால் என்ன ஆகிறது? இந்த இறைப்பு நின்றுபோகிறது. இருதயத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் இருக்கும் ரத்தத்தின் பாரமெல்லாம் கணுக்காலில் இறங்குகிறது. சும்மா நிற்கிறவனுக்குக் கணுக்கால் சிரையில் உள்ள அழுத்தம் பாதரச அளவில் சுமார் 90 மில்லிமீட்டர். அதே மனிதன் நடந்தால் அது 30க்கும் கீழே வந்துவிடும். ஒரு மணி நேரம் நின்றால் பாதகமில்லை. தினமும் எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி என்று பத்து வருஷம், இருபது வருஷம் நின்றால்? சிரை விரிகிறது. விரிந்த சிரையில் வால்வு சரியாகப் பொருந்தி மூடாது. மேலே போன ரத்தம் கீழே இறங்குகிறது. அது அடுத்த வால்வையும் கெடுக்கிறது. பிறகு குழாய் நீண்டு, வளைந்து, சுருண்டு வெளியே தெரிகிறது.

எல்லாவற்றுக்கும் முதலாளிதான் காரணம் என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் தொழிலாளிக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதிகம். கர்ப்ப காலத்தில் பெண்களுக்கு வருகிறது. வயதும் உடல் பருமனும் சேர்ந்துகொள்கின்றன. நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் ஆபீசருக்கும் வரலாம். ஆனால் வேலைக்குப் பங்கே இல்லை என்று யாராவது சொன்னால் அதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. டென்மார்க் நாட்டில் உழைக்கும் வயதினரை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2005ம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார்கள். வேலை நேரத்தின் பெரும்பகுதியை நின்றோ நடந்தோ கழிப்பவர்கள் இந்த வியாதிக்காக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய முக்கால் பங்கு அதிகம் என்று அதில் கண்டார்கள். உழைக்கும் வயதில் இப்படி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், வேலையில் நின்றதே காரணம் என்று கணக்கிட்டார்கள். குளிர் தேசமான டென்மார்க்கின் கணக்கு இது! சூட்டில் சிரை இன்னும் விரியும் என்பது டாக்டர்கள் அறிந்த விஷயம். நூல் அறுந்துவிடாமல் இருக்கக் காற்றில் ஈரத்தை ஏற்றி, ஜன்னலை அடைத்து வைக்கும் ஸ்பின்னிங் இலாகாவில் நிற்கிறவன் காலைப் பற்றி என்ன சொல்வது?

சைடர் நிற்பதில்லையே, நடந்துகொண்டுதானே இருக்கிறார் என்று மானேஜர் கேட்கலாம். ஷிப்டுக்குப் பல மைல் நடக்கிறார் என்பது நிஜம். டென்மார்க் கணக்கில் நிற்பதும் நடப்பதும் சேர்ந்தே இருக்கிறது என்பதை அவர் கவனிக்க வேண்டும். மேலும் எல்லோரும் சைடர் அல்ல. டிராயிங்கில் நிற்கிறவர், கோன் வைண்டிங்கில் நிற்கும் பெண், தறிக்கு முன்னால் நிற்கிறவர் எல்லாம் ஓரிரு அடிக்குள்ளேயே நாளைக் கழிக்கிறார்கள். மில்லுக்கு வெளியே வந்தால், ஜவுளிக் கடையில் புடவை விரிக்கும் பெண், ஓட்டலில் கல்லடுப்புக்கு முன்னால் நிற்கும் பரோட்டா மாஸ்டர் எல்லோரும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தாம்.

வயல் வேலை செய்கிறவர்களுக்கு வேறொரு சங்கடம் இருக்கிறது. இந்த வியாதி பொதுவாக ஆளைக் கொல்லாது. ஆனால் கணுக்காலில் புண் வந்துவிட்டால் வேலையைக் கொன்றுவிடும். புண்ணோடு சேற்றில் இறங்கினால் சீழ் பிடிக்கும். இறங்காவிட்டால் கூலி இல்லை. காவிரிப் படுகையில் இன்னொரு குழப்பமும் உண்டு. யானைக்கால் வியாதி வெகுகாலம் குடியிருந்த பிரதேசம் ஆகையால், கால் வீங்கினாலே யானைக்கால் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வெட்கப்பட்டுப் புடவைக்குள் காலை மறைத்துக்கொள்ளும் பெண்களும் உண்டு. இரண்டும் வெவ்வேறு வியாதி, சிகிச்சையும் வேறு. டாக்டரிடம் காட்டாமல் ஊரார் பேச்சை நம்பக் கூடாது.

இனி வைத்தியத்துக்கு வருவோம். பழைய நாளில் இதற்குச் செய்த ரண சிகிச்சை பயங்கரமானது. ரோமாபுரியின் தளபதி மேரியஸ் என்பவன் ஒரு காலை அறுக்கக் கொடுத்துவிட்டு, வலிக்குத் தகுந்த பலன் இல்லை என்று மறு காலைக் கொடுக்க மறுத்தான் என்று புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார். தளபதிக்கே இந்தக் கதி! 19ம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் டிரெண்டலன்பர்க் என்ற டாக்டர், கெட்டுப்போன சிரையைத் தொடைப் பகுதியில் கட்டிவிடும் முறையைக் கொண்டுவந்தார். 1907ல் அமெரிக்காவில் பாப்காக் என்பவர், ஒரு நீண்ட கம்பியைச் சிரைக்குள் செலுத்தி, குழாயை முழுசாக உருவி எடுக்கும் முறையைச் சொன்னார். ஏறக்குறைய நூறு வருஷம் இந்த உருவும் முறைதான் நடந்தது. முதுகில் ஊசி போட்டோ முழு மயக்கம் கொடுத்தோ, தொடை இடுக்கில் வெட்டிச் செய்வது. பிறகு சில வாரம் வேலைக்குப் போக முடியாது. தினக்கூலிக்காரன் எப்படிச் சம்மதிப்பான்? ‘இருக்கிறவரை இருக்கட்டும்’ என்று காலைச் சுமந்துகொண்டு அலைந்தான்.

1999ம் ஆண்டு வாக்கில்தான் பாதை திரும்பியது. குழாயை உருவி எடுப்பதற்குப் பதிலாக, அது இருக்கும் இடத்திலேயே உள்ளிருந்து சுட்டு மூடிவிட்டால் என்ன என்று டாக்டர்கள் யோசித்தார்கள். ஸ்கேன் கருவியில் பார்த்துக்கொண்டே முழங்காலுக்கு அருகில் ஊசியால் சிரையைத் துளைக்கிறார்கள். அந்தத் துளை வழியாகத் தலைமயிர் போன்ற லேசர் இழையையோ, ரேடியோ அலையால் சூடாகும் மெல்லிய கம்பியையோ தொடை வரைக்கும் செலுத்துகிறார்கள். சிரையைச் சுற்றி உப்பு நீரில் கலந்த மரப்பு மருந்தை ஏற்றுகிறார்கள். வலியை மரக்கச் செய்வதோடு, சூடு பக்கத்துச் சதையைத் தாக்காமலும் இது காக்கிறது. பிறகு இழையை மெல்லக் கீழே இழுத்து வரும்போது சிரை உள்ளே சுடப்பட்டுச் சுருங்கி மூடிக்கொள்கிறது. நோயாளி விழித்துக்கொண்டே இருக்கிறார். முடிந்ததும் கட்டுப் போட்டு, எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். மூடிய சிரையை நாளடைவில் உடம்பே கரைத்துவிடுகிறது.

சிரையை மூடிவிட்டால் ரத்தம் எப்படிப் போகும் என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காலுக்குள் ஆழத்தில் பெரிய சிரைகள் இருக்கின்றன. பெரும்பகுதி ரத்தம் அந்த வழியாகத்தான் மேலே போகிறது. தோலுக்கடியில் கெட்டுப்போன குழாய் ரத்தத்தைத் தூக்குவதில்லை, கீழே கொட்டிக்கொண்டிருக்கிறது. உடைந்த வாய்க்காலை அடைத்தால் பெரிய வாய்க்காலில் தண்ணீர் ஒழுங்காகப் பாயும். ஆனால் ஆழத்துச் சிரை அடைபட்டிருந்தால் மேலே உள்ளதை அவசரப்பட்டு மூடக் கூடாது. அதனால் முதலில் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் யாராவது சிகிச்சைக்கு நாள் குறித்தால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது ஒரு முறையும் உண்டு. அதுதான் நம் கவனத்துக்கு முக்கியமானது. ஒரு மருந்தைக் காற்றோடு கலந்து சோப்பு நுரை மாதிரியாக்கி, ஊசியால் சிரைக்குள் செலுத்துவது. மருந்து உள் சுவரை எரிச்சலூட்டி ஒட்டிக்கொள்ளச் செய்கிறது. நுரையைத் தயாரிக்க என்ன வேண்டும்? இத்தாலியில் தெஸ்ஸாரி என்ற டாக்டர் 2000ம் ஆண்டில் காட்டிய வழி இது: இரண்டு சிரிஞ்சு, நடுவில் மூன்று வழித் திருகு ஒன்று. இப்படியும் அப்படியும் தள்ளினால் நுரை தயார். லேசர் மெஷின் வேண்டியதில்லை. ஒரு முறை உபயோகித்துத் தூக்கி எறியும் விலை உயர்ந்த கம்பி வேண்டியதில்லை. பெரிய சிரைக்கு லேசர் அளவுக்கு இது நிலைத்து நிற்காது, மறுபடியும் போட வேண்டி வரலாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் பழகிய டாக்டரும் ஸ்கேனும் உள்ள சர்க்கார் ஆஸ்பத்திரியில், மெஷின் இல்லை என்று சொல்லி நோயாளியைத் திருப்பி அனுப்ப முடியாத வைத்தியம் இது.

பிரிட்டனில் பொது மருத்துவத்துக்கு வழி வகுக்கும் ‘நைஸ்’ என்ற அமைப்பு, 2013ல் ஒரு வரிசையைத் தீர்மானித்தது. முதலில் லேசர் அல்லது ரேடியோ அலை, அது பொருந்தாவிட்டால் நுரை, அதுவும் பொருந்தாவிட்டால்தான் வெட்டி உருவுவது. சிகிச்சை செய்யக்கூடியவருக்கு இறுக்கமான காலுறையை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதே என்றும் சொன்னது. நம் ஊரிலோ பலருக்குக் கிடைப்பது ஒரு மாத்திரைச் சீட்டும், காலுறை வாங்கிக்கொள் என்ற வாய்ச்சொல்லும்தான். சித்திரை வெயிலில் தொடை வரைக்கும் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு களை எடுக்க முடியுமா என்று எழுதிக் கொடுக்கிறவர் யோசிப்பதில்லை.

பிரிட்டனிலேயே 450 புண் நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடந்து, 2018ல் முடிவு வெளிவந்தது. புண்ணுக்குக் கட்டுப் போட்டு ஆறிய பிறகு சிரையைக் கவனிக்கலாம் என்று ஒரு பாதியை வைத்தார்கள். மறு பாதிக்குக் கட்டோடு கூடவே இரண்டு வாரத்துக்குள் சிரையையும் மூடினார்கள். முதல் கூட்டத்துக்குப் புண் ஆற நடுத்தரமாக 82 நாள் பிடித்தது. இரண்டாவது கூட்டத்துக்கு 56 நாள். 26 நாள் வித்தியாசம்! மாதச் சம்பளக்காரருக்கு இது ஒரு புள்ளிவிவரம். விவசாயக் கூலிக்கு ஒரு நடவுப் பருவம்.

இந்த வைத்தியம் நம் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. பெரிய நகரங்களில் தனியார் ஆஸ்பத்திரிகள் ‘கத்தியின்றி ரத்தமின்றி’ என்று போர்டு வைத்து அழைக்கின்றன. உள்ளே போனால் தொழிலாளியின் மாதக்கணக்கான சம்பளம் போய்விடும். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தக்குழாய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் வேதாரண்யத்திலிருந்து ஒரு கூலிப் பெண் சென்னைக்குப் போய், பரிசோதனைக்கு ஒரு நாள், சிகிச்சைக்கு ஒரு நாள், திரும்பக் காட்ட ஒரு நாள் என்று அலைய முடியுமா? ஒரே நாள் வைத்தியம் என்பது அவளுக்கு ஒரு வாரக் கூலி.

மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. 1948ல் சட்டமாகி, 1955ல் கோயமுத்தூருக்கு வந்த திட்டம். 2019 ஜூலையிலிருந்து சம்பளத்தில் முக்கால் சதவிகிதம் தொழிலாளியிடமும், மூன்றேகால் சதவிகிதம் முதலாளியிடமும் பிடிக்கிறார்கள். ஆகவே அங்கே கேட்பது பிச்சை அல்ல, நம் பணத்துக்கான வைத்தியம். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வசதி இல்லையென்றால் ஒப்பந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கும் முறை உண்டு. நிபந்தனைப்படி சந்தா கட்டியிருப்பவருக்கு, டாக்டர் சர்டிபிகேட் கொடுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவிகிதம் நோய்க்காலப் பணமும் உண்டு. இதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. காண்ட்ராக்ட் தொழிலாளி என்று சொல்லிப் பெயரையே பதியாமல் வைத்திருக்கும் மில்லில் இது யாருக்குக் கிடைக்கும்? வெளி மாநிலத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் அடைபட்டிருக்கும் பெண்ணிடம் அட்டை இருக்கிறதா என்று யார் கேட்கிறார்கள்? விவசாயத் தொழிலாளிக்கோ ஈ.எஸ்.ஐ.யே கிடையாது.

நம் அணியிலேயே சில தோழர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். லேசர், ஸ்கேன் எல்லாம் பணக்காரன் ஆடம்பரம். வேலை நிலைமையை மாற்றினால் வியாதி வராது. அதற்குப் போராடுவோம், வைத்தியத்தைப் பற்றி என்ன பேச்சு என்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நாற்காலி போட்டுவிட்டால் இனி வேலைக்கு வரும் பையனின் கால் தப்பும். இருபது வருஷம் நின்று வால்வு போனவனின் கால் நாற்காலியால் திரும்பி வராது. அவனுக்கு வேண்டியது வைத்தியம்தான். உழைப்பாளி மக்களின் வரியிலும் சந்தாவிலும் வளர்ந்த விஞ்ஞானத்தை முதலில் வர வேண்டிய இடத்துக்குக் கொண்டுவரச் சொல்வது ஆடம்பரமா?

எதிர்ப்பக்கத்து அபாயம் வேறு இருக்கிறது. காலையில் சுட்டு மாலையில் அனுப்பும் வைத்தியம் முதலாளிக்கும் பிடிக்கும். மெஷினில் தேய்ந்த பேரிங்கை மாற்றுவதுபோல் ஆளின் காலை ரிப்பேர் செய்து, அடுத்த வாரம் அதே இடத்தில் நிறுத்தி வைக்கலாம் அல்லவா? ஒரு சிரையை மூடினாலும் மற்றச் சிரைகள் அதே பாரத்தைத் தாங்கத்தான் வேண்டும். சிகிச்சைக்குப் பிறகும் திரும்ப வரும் வியாதி இது என்பதை எந்த டாக்டரும் மறைப்பதில்லை. ஆகவே வைத்தியமும் வேண்டும், ஆசனமும் வேண்டும்.

ஆசனம் ஒன்றும் புதிய கோரிக்கை அல்ல. 1948ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44வது பிரிவு, நின்று வேலை செய்ய வேண்டியவர்களுக்கு இடையிடையே கிடைக்கும் ஓய்வில் உட்கார ஏற்பாடு இருக்க வேண்டும் என்று சொன்னது. உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலையானால் ஆசனம் போடும்படி சீஃப் இன்ஸ்பெக்டர் எழுத்து மூலம் உத்தரவிடலாம் என்றும் சொன்னது. எத்தனை மில்லில் அந்த ஆசனத்தைப் பார்த்தோம்? கேரளத்தில் ஜவுளிக் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் பல ஆண்டு போராடினார்கள். 2018ல் சட்டம் திருத்தப்பட்டது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டசபையும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அதேபோன்ற பிரிவைச் சேர்த்தது. நாள் முழுவதும் நிற்பதால் ஊழியர்களுக்கு உடல்நலக் கேடுகள் வருகின்றன என்று சர்க்காரே அந்த மசோதாவில் ஒப்புக்கொண்டது. ஆனால் அதே சட்டசபை 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் தினம் 12 மணி நேரம் வேலை வாங்க வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது! தொழிற்சங்கங்கள் ஒன்றாகக் கிளம்பியதால்தான் மே தினத்தன்று அதை வாபஸ் வாங்கினார்கள். உட்கார ஒரு பிரிவு, கூடுதலாக நான்கு மணி நிற்க இன்னொரு மசோதா. இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்களோ தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் வியாதி, நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. காலில் வரும் இந்த வியாதி அதில் இல்லை. காரணம் பலவாக இருப்பதால் சேர்க்க முடியாது என்பார்கள். நின்று வேலை செய்த வருஷத்தைக் கணக்கில் வைத்துத் தீர்மானிக்க ஒரு வழி வகுக்க முடியாதா?

ஒரு அவசர விஷயம். புடைத்த சிரை சில சமயம் லேசான அடியிலேயே உடைந்து ரத்தம் பீறிடும். நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருந்தால் நிற்காது. பயந்து ஓடினால் இன்னும் மோசம். உடனே மல்லாந்து படுத்து, காலை இருதயத்துக்கு மேலே தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தைப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிடும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மேலே தொடையில் கயிறு கட்டாதீர்கள். அதேபோல் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அது ஆழத்துச் சிரையில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். சர்க்கரை வியாதி உள்ளவர்களும், நடந்தால் கால் வலிக்கும் பீடிக்காரர்களும் டாக்டர் பார்க்காமல் காலில் இறுக்கிக் கட்டுப் போட்டுக்கொள்ளக் கூடாது.

மில் கமிட்டித் தோழர்களும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் ஒரு காரியம் செய்ய வேண்டும். அடுத்த மாதச் சந்தா வசூலுக்குப் போகும்போதே ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இலாகா அல்லது எந்தக் கிராமம், எத்தனை வருஷ வேலை, காலில் சிரை புடைத்திருக்கிறதா, புண் உண்டா, டாக்டரிடம் காட்டியதுண்டா, என்ன பதில் கிடைத்தது, இத்தனையும் எழுதுங்கள். பெண்களிடம் பெண் தோழர்கள் கேட்பது நல்லது. ஆள் பெயர் வேண்டாம். அந்தக் கணக்கின் ஒரு நகல் ஈ.எஸ்.ஐ. அதிகாரிக்கும், ஒரு நகல் ஜில்லா ஆஸ்பத்திரிக்கும், ஒன்று நம் பத்திரிகை ஆபீசுக்கும் வரட்டும்.